கல்லுக்கு மாட்டுன சட்டை

ஒரம்பரையா, விருந்தாளியாப் போற எடத்துல கையக் கட்டிக்கிட்டு உக்கோரோணும்ங்க. வாயக்கூடக் கட்ட வேண்டாம், அது பேசிட்டுப் போவுட்டும். கைதான் கெடுக்கும். இந்த விசயம் எனக்கு அறுவது வயசுக்கு மேல, அதும் ஏரோப்ளேன் ஏறி இங்கிலாந்து போயித்தான் தெரிஞ்சுது. (உள்ளூர்லயே தெரிஞ்சிருந்தா எவ்வளவோ அலைச்சல் மிச்சம்.)

என்ற கை சும்மா இருக்காதுங்க. பஸ்ஸுல போனா முன்சீட்டுக்காரி ரவிக்கைல தொங்கற நூலப் பிச்சு எடுக்கும். கல்யாணத்துக்குப் போனா பந்தில உக்காராம சாம்பார் வாளியப் புடிச்சுக்கும். ஒருக்கா அவிநாசிபாளையத்துல காச்சலுக்கு ஊசி போடப் போனப்ப, டாக்டரு சட்டைல பட்டன் ஒண்ணு அவுந்து தொங்குச்சு. அவரு ஊசிய ரெடி பண்றதுக்குள்ள நான் என்ற ஊசிய எடுத்து அதத் தெச்சுக் குடுத்துப்போட்டேன். அவரு பயந்துட்டாரு.

இந்தக் கைய நம்பித்தான் என்ற பையன் குமரேசன் என்னைய இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போனான். பாவம்.

குமரேசன் அப்ப ஊட்டுக்குப் பின்னால தகர ஷெட்டு போட்டு, நாலஞ்சு ஓவர்லாக் மிசினு வெச்சு, பெரிய கம்பெனிக்காரங்க வெட்டிக் குடுக்கறத தெச்சுக் குடுத்துட்டு இருந்தான். ஜாப் ஒர்க்குன்னு பேரு. அடுத்தவங்க புள்ளைக்குத் தாலாட்டுப் பாடறாப்பலதான் அந்த வேலை. தூங்குனா அவிய புள்ள, அழுதா நம்ம தப்பு. அந்த நேரம் பாத்து கோட்டாவ எடுத்துப்போட்டாங்க, இனி ஆரு வேணும்னாலும் நேரா வெளிநாட்டு ஆர்டரு எடுக்கலாம்னு சொல்லி திருப்பூரே கெடந்து ஆடுச்சு. டீக்கடையில டம்ளரு கழுவறவன்கூட சரக்கு வாங்கற பையரு வர்றான் பையரு வர்றான்னு பேசுனான். எங்கூட்டுக்கும் ஒரு பையரு வந்தா. பேரு எலன்.

எலன் கொழந்தைக சட்டை விக்கற கடைக்காரி. அங்க அவ ஊர்ப்பக்கம் ஏழெட்டு டவுனுல கடை இருக்குதாம். ஷெட்டப் பாத்தா, மிசினப் பாத்தா. ஊட்டுக்கு வந்து தோசையும் நான் செஞ்ச தக்காளித் தொக்கும் சாப்புட்டா. கண்ணுல தண்ணி ஒழுக ஒழுக ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்புட்டா. போறப்ப, சாம்பிள எடுத்துட்டு எங்கூருக்கு வா, வர்றப்ப உங்கம்மாவையும் கூட்டிட்டு வான்னு சொல்லிட்டுப் போனா.

பேச்சுக்குச் சொல்லியிருப்பா. வான்னு சொன்னா நாங்க நெசமாவே வந்துருவோம்னு அவளுக்கு ஆரு எடுத்துச் சொல்றது.

மருமக கவிதாவுக்கு அப்ப ஏழு மாசம். அவளால வர முடியாது. எங்கூட்டுக்காரரு மாட்ட உட்டுட்டு தாராபொரம் போறதுக்கே ரோசனை பண்ற ஆளு. அவரு சொன்னாரு: "நீ போயிட்டு வா. இங்க மாட்டப் பாக்க நான் இருக்கறேன். அங்க உன்னையப் பாக்கத்தான் ஆளு வேணும்."

சாம்பிளுன்னா மூணு சட்டைங்க. ரெண்டு மூணு வயசுக் கொழந்தைக்குப் போடறாப்பல, வெள்ளைல ஒண்ணு, நீலத்துல ஒண்ணு, எளம்பச்சைல ஒண்ணு. நெஞ்சுல ஒரு ஆட்டுக்குட்டி படம். அந்த மூணு சட்டைய நம்பித்தான் எல்லாம். எலன் அதப் பாத்து ஓகே சொன்னா நேரா ஆர்டரு, இல்லீன்னா மறுக்காவும் தாலாட்டு. குமரேசன் அந்த ஆட்டுக்குட்டியப் பாத்துட்டு சோறு தண்ணி இல்லாம உக்காந்திருப்பான். கவிதா வயித்துல இருக்கற புள்ளையக் கூட அவன் அப்படிக் கவனிக்கலை.

இங்கதான் நம்மூரு பழக்கத்தப் பத்தி ஒண்ணு சொல்லோணும். திருப்பூர்ல பனியன் துணிக்குப் பஞ்சமே கெடையாது. அடுப்புல இருந்து சட்டி எறக்க, வண்டி தொடைக்க, தலவாணில அடைக்க, சாரலுக்கு ஜன்னல் சந்துல சொருக, ஒடையற சாமானச் சுத்தி வைக்க, எல்லாத்துக்கும் பனியன் துணிதான். லேபிள் இல்லாத பனியன் கண்ணுல பட்டா அது வேஸ்ட்டு. ரோசனை பண்ண வேண்டியதில்ல, கை பாட்டுக்கு எடுத்துக்கும்.

சாம்பிளுக்கு லேபிள் கெடையாது. பையரு ஓகே சொன்ன பொறகுதான் அவ லேபிள வெச்சுத் தெப்பாங்களாம். குமரேசன் பொட்டில துணிக்கட்டு நெறஞ்சு போச்சுன்னு இந்த மூணையும் என்ற பொட்டில, மேலால வெச்சுட்டுப் போயிட்டான். நான் எலனுக்குக் கொண்டுபோற தொக்குப் பாட்டல எதுலடா சுத்தறதுன்னு சுத்தியும் முத்தியும் பாத்தேன். (அடுத்தவங்க ஊட்டுக்கு வெறுங்கையோட போற வழக்கம் எங்க வம்சத்துலயே இல்ல.) மெத்து மெத்துன்னு மூணு பனியன் துணி இருந்துச்சு. ஒண்ணுக்கு மேல ஒண்ணா நல்லா எறுக்கிச் சுத்தி, என்ற செகப்புச் சேலைக்கு நடுவுல பதனமா வெச்சுப் பொட்டிய மூடுனேன். படுத்தா நிம்மதியாத் தூக்கம் வந்துச்சு.

ஏரோப்ளேனு, ரயிலு, அப்பறம் எலன் அனுப்புன காரு. காரு போன ரோடு நம்மூரு இட்டேரியாட்டமே இருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஆளொசரத்துக்கு வேலி, நடுவுல ஒத்த வண்டி போற தடம். ஒரு சனத்தக் காணோம். கடைசில ஒரு கல்லு ஊட்டு முன்னால கொண்டாந்து எறக்கி உட்டான். மேல ஓடுகூட இல்லீங்க, வெக்கப்புல்லு வேஞ்சிருந்துச்சு. இத்தன தூரம் பறந்து வந்து கூரச் சாளைலயா கண்ணு தங்கறதுன்னு கேட்டேன். இந்தக் கூரைக்குத்தான் இங்க வாடகையே ஜாஸ்திம்மான்னு சொல்லிக்கிட்டே குமரேசன் நுழைஞ்சான், வாசல் நெலவுக் கட்டைல மண்டைய இடிச்சுக்கிட்டான். அங்க இருந்த அத்தன நாளும் அவன் ஒவ்வொரு வாசலுக்கும் தலையக் குடுத்துட்டுத்தான் உள்ள போனான்.

ஊட்டுக்காரி பேரு மேரி. என்ற வயசுதான் இருக்கும், ஆனா ரெண்டு ஆளு ஒசரம். புருசன் இல்ல. கொஞ்சம் ஆடு, கொஞ்சம் கோழி, ஒரு கெழட்டு நாயி. மேல் ரூம வர்றவங்களுக்கு வாடகைக்கு உட்டு, காலைல சாப்பாடும் போட்டுப் பொழைக்கறா. முட்டி வரைக்கும் ரப்பரு பூட்சு, அதுல ஆட்டுப்புழுக்கை. அந்தப் பூட்சப் பாத்ததும் எனக்கு மனசு எறங்கிப் போச்சு, நம்ம சாதிசனம் ஒண்ணு இங்கயும் இருக்குதுன்னு. அவ இங்கிலீசுல பேசுவா, நான் நம்ம பேச்சுல பேசுவேன். அன்னைக்குச் சாயங்காலம் பூராம் ரெண்டு பேரும் பழமை பேசுனோம். அவ என்ன சொன்னாள்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா எங்கெங்க சிரிக்கோணும்னு ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருந்துச்சு.

ரூம்பு ஜன்னலத் தொறந்தா நேரா சின்னக் குன்றாட்ட ஒரு கரடு தெரிஞ்சுது. பச்சைப் புல்லு. உச்சில வட்டமாக் கல்லுகளை நட்டு வெச்சிருந்தாங்க. ஒசரமா கொஞ்சம், குட்டையா கொஞ்சம். குமரேசன் சொன்னான், அதப் பாக்கறதுக்குத்தான் ஊருலகத்துல இருந்து சனம் வருதாம். ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முன்னால நட்டதாம். எதுக்கு நட்டாங்கன்னு இன்னமும் படிச்சவங்க மண்டையப் போட்டு ஒடைச்சுக்கறாங்களாம். நாளைக்குச் சாம்பிள் ஓகே ஆயிருச்சுன்னா எலனே நம்மளக் கூட்டிட்டுப் போயிக் காட்டுவாம்மா, அப்படின்னான்.

நான் பொறந்தது குண்டடத்துக்கு அக்கட்டால. அங்க கரட்டோரத்துல இதே மாதிரி ஒத்தக் கல்லு ஒண்ணு நிக்கும். எந்தக் காலத்துல எவன் நட்டானோ. நாங்க அதுல ஆட்டக் கட்டுவோம், எரும முதுகு தேச்சுக்கும், மழைக்காலத்துல அதும்மேல துணி காயப் போடுவோம். எதுக்கு நட்டாங்கன்னு எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்ல.

மறுநா காலைல பத்து மணிக்கு எலன் வர்றா. அந்தூர்ல சூரியனுக்குத் தூக்கமே இல்லீங்க, நாலரைக்கெல்லாம் பளபளன்னு விடிஞ்சு போச்சு. குமரேசன் பக்கத்து ரூம்புல அலைச்சல்ல அடிச்சுப் போட்டாப்பலத் தூங்கறான். சரி, தொக்கையாச்சும் எடுத்து வெளிய வெப்போம்னு பொட்டியத் தொறந்தேன்.

தொக்கு எனக்கு முன்னாலயே வெளிய வந்து ஊரு சுத்திப் பாத்துட்டு இருந்துச்சு.

பாட்டலு மூடி திருகிப் போயி, நல்லெண்ணெய் மெதந்து, செகப்பா சேலையெல்லாம் பரவியிருக்குது. சுத்துன துணிய உருவுனேன். ஒரு ஆட்டுக்குட்டி என்னையப் பாத்துது. தலை வரைக்கும் தக்காளி. அடுத்தது உருவுனேன், இன்னொரு ஆட்டுக்குட்டி. அப்பத்தான் எனக்கு நான் எதுல சுத்தியிருக்கறேன்னு மண்டைல ஏறுச்சு. அப்படியே கட்டல்ல உக்காந்துட்டேன். குமரேசன எழுப்பலாமான்னு நெனச்சேன். எழுப்பி என்னன்னு சொல்றது. உன்ற ஆர்டர நான் எண்ணெயில போட்டுத் தாளிச்சுட்டேன்னா?

பாத்ரூம்புல நம்மூரு மாட்டுத் தொட்டியாட்ட ஒண்ணு இருந்துச்சு, ஆளு படுத்துத் தண்ணி வாத்துக்கறதுக்கு. அதுல தண்ணியத் தொறந்து உட்டு, சட்டைகளையும் சேலையையும் போட்டு, முட்டி போட்டு உக்காந்து கசக்க ஆரம்பிச்சேன். தண்ணி சத்தம் கேட்டு மேரி வந்து கதவத் தள்ளுனா. தொட்டி பூராம் செகச்செகன்னு தண்ணி. பக்கத்துல தலைய விரிச்சுப் போட்டுட்டு ஒரு கெழவி. மேரி செவுத்தப் புடிச்சுக்கிட்டா.

நான் தொக்குப் பாட்டல எடுத்துக் காட்டுனேன். அவ கிட்ட வந்து மோந்து பாத்தா, வெரல உட்டு நக்கிப் பாத்தா. கீழ போனா, கையில ரொட்டியும் ஒரு டப்பா சோப்புத்தூளும் கொண்டாந்தா. சோப்ப என்ற கையில குடுத்துட்டு, தொட்டி வெளும்புல உக்காந்து பாட்டல்ல ஒட்டியிருந்ததத் தொட்டு ரொட்டியத் தின்னா. தின்னு முடிச்சு அவளும் கைய மடிச்சு உட்டுக் கசக்க வந்துட்டா. நடுவுல அவ வாசிங் மிசினக் காட்டுனா, நான் வேண்டாம்னு தலையாட்டுனேன். சூடு பட்டா கொழந்தை சட்டை பொம்மை சட்டையாப் போயிரும்ங்களே. ரெண்டு கெழவிகளும் அந்தக் குளுருல கசக்குன கசக்குல கறை போயே போச்சு. வெள்ளைல மட்டும் ஒரு ஓரமா லேசா மஞ்சப் பூத்தாப்பல இருந்துச்சு. அதக் கொழந்தை வாந்தின்னு சொல்லிக்கலாம்னு வெச்சுக்கிட்டேன்.

இனிக் காய வைக்கோணும். மேரி கோழிக்குத் தீனி போடப் போயிட்டா. கொல்லைல அவ கொடிக்கயித்துல பூராம் ரூம்பு வாடகைக்காரங்க படுக்கை விரிப்பு. அதும் மரத்தடி, காத்தே இல்ல. வெயிலு இருக்குது, ஆனா சும்மா போட்டோவுக்கு நிக்கறாப்பல நிக்குது, சூடே இல்ல. துணி காயறதுக்கு வெயிலு வேண்டாம்ங்க, காத்து இருந்தாப் போதும். காத்து எங்கடான்னு அண்ணாந்து பாத்தேன். கரட்டு மேல புல்லு அலையலையா சாயுது.

ஈரத் துணிய ஒரு பக்கெட்டுல போட்டு இடுப்புல வெச்சுக்கிட்டு ஏறிட்டேன். வழியில ஆடுக மேஞ்சுட்டு இருந்துச்சுக. நம்ம ஆடு மாதிரியில்ல, மெத்தைக்குக் கால் மொளச்சாப்பல. தீனின்னு நெனச்சுட்டு பத்து இருவது என்ற பின்னாலயே வந்துச்சுக. மேல போனா பேய்க்காத்து. ஆடி மாசம் குண்டடத்துல காத்தாடியெல்லாம் சுத்துமே, அதே காத்து. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. பொறந்தூட்டுக்கு வந்தாப்பல இருந்துச்சு.

சேலைய ரெண்டு ஒசரக் கல்லுக்கு நடுவால இழுத்து முடிச்சுப் போட்டுக் கட்டுனேன். சட்டைகளப் புல்லுல விரிச்சா பறந்துட்டுப் போவுது. அக்கம்பக்கம் பாத்தேன். குட்டையா மூணு கல்லு, என்ற இடுப்பொசரம், உச்சி கூம்பி கொழந்தை தலையாட்டமே இருந்துச்சு. சரின்னு ஒவ்வொரு சட்டையாக் கழுத்த இழுத்து இழுத்து அதுக மேல மாட்டி உட்டேன். கைய நீட்டு சாமின்னு சொல்லாத கொறைதான். ஈரம்ங்கறதுனால சட்டை இழுத்த இழுப்புக்கு நல்லாவே நீண்டு குடுத்துச்சு. எட்ட நின்னு பாத்தேன். மூணு புள்ளைக ஆட்டுக்குட்டிச் சட்டை போட்டுட்டு நிக்கறாப்பல அம்சமா இருந்துச்சு. கல்லு வட்டத்துக்கு நுழையற வாசல்கிட்ட ஒரு பலகைல நெறைய எழுதியிருந்துச்சு. தமிழா இருந்தாலே நான் எழுத்துக் கூட்டறதுக்குள்ள துணி காஞ்சிரும், இது இங்கிலீசு. பக்கெட்டக் கவுத்துப்போட்டு அதும்மேல உக்காந்துட்டேன்.

எட்டு எட்டரை இருக்கும். கெழவன் கெழவிகளா ஒரு கூட்டம், கையில ஊனுகோலு, கழுத்துல கேமரா, பேசிட்டே ஏறி வந்தாங்க. மேல வந்ததும் பேச்சு நின்னு போச்சு. சேலை காத்துல கோயில் கொடியாட்ட அடிச்சுட்டு இருக்குது. கல்லுக எல்லாம் சட்டை போட்டிருக்குது. சுத்தியும் ஆடுக. நடுவுல நான்.

ஒரு பெரியவரு தொப்பியக் கழட்டிட்டாரு.

கூட்டத்துல ஒரு அம்மா மெதுவா வந்து என்னமோ கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு பூராம் கம்பெனி இங்கிலீசு. இருந்தாலும் வாயில்லாம இருக்கப்படாதுன்னு, சாம்பிளு, திருப்பூரு, வாசிங், டென் ஓ கிளாக் பையரு, அர்ஜெண்டுன்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். கும்பிட்டது தப்பாப் போச்சு. அவிய அத்தன பேரும் தலைய குனிஞ்சுக்கிட்டாங்க. அந்தம்மா கண்ணு தண்ணியோட தன் கழுத்துத் துண்ட அவுத்து, என்ற சேலை முடிச்சுக்குப் பக்கத்துலயே கட்டிட்டு கண்ண மூடி நின்னுச்சு. எங்கூர்லயும் வேண்டுதலுக்கு மரத்துல துணி கட்டுவோம்ங்க, அதனால எனக்கும் அது தப்பாத் தெரியல. நல்லாயிரு ஆத்தான்னு சொல்லி முதுகத் தடவிக் குடுத்தேன். அதுக்கப்பறம் இன்னும் ரெண்டு பேரு கைக்குட்டையக் கட்டுனாங்க.

அந்த நேரத்துலதான் கீழ இருந்து குமரேசன் ஓடியாறான். எந்திரிச்சுப் பாத்தா சாம்பிளக் காணோம், அம்மாவையும் காணோம், எலன் வேற முன்கூட்டியே வந்து நிக்கறா. மேரி கரட்டக் கைய காட்டியிருக்கா. மூணு பேரும் ஏறி வர்றாங்க. இன்னொரு பக்கம் பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு ஆளு வேகமா வர்றான். அவன் அந்தக் கல்லுகளுக்குக் காவல்.

குமரேசன் என்ற முன்னால வந்து நின்னான். மூச்சு வாங்குது. கல்லப் பாக்கறான், என்னையப் பாக்கறான், மறுக்காவும் கல்லப் பாக்கறான்.

"அம்மா. அது என்னம்மா?"

"சாம்பிளு கண்ணு. காஞ்சு போச்சு."

அவன் அப்படியே புல்லுல உக்காந்துட்டான்.

காவல்காரன் சத்தம் போடாமத்தான் பேசுனான். ஆனா மூக்கு செவந்து கெடந்துச்சு. அந்தக் கல்லு இருக்கட்டும், கல்லு மேல ஒட்டியிருக்கற பாசிக்கே பல நூறு வருசமாம். ஆரும் தொடக்கூட மாட்டாங்களாம். குமரேசன் உக்காந்த எடத்துல இருந்தே எனக்கு அதத் தமிழ்ல சொன்னான், சாவு ஊட்டுல தகவல் சொல்றாப்பல. எனக்கு ஒடம்பு கூசிப் போச்சு. நான் கல்லுகிட்ட போயி நெஞ்சுல கைய வெச்சு மன்னிச்சுக்க சாமின்னு சொன்னேன். அதையும் அந்தக் கூட்டம் போட்டோ புடிச்சுச்சு.

மேரிதான் நடுவுல பூந்தா. காவல்காரன் நெஞ்சுல வெரல வெச்சு அழுத்தி அழுத்தி என்னமோ கேட்டா. போன வாரம் அவன் நாயி இவ கோழியப் புடிச்சுருச்சாம், அதுக்கு என்ன பதிலுன்னு கேட்டாளாம். அவனுக்கு எந்த வழக்குக்குப் பதில் சொல்றதுன்னே தெரியாமப் போச்சு. அந்தச் சந்துல நானும் குமரேசனும் கல்லுல கட்டுன சேலைய அவுத்து, பாசி படாம சட்டைகள மெல்ல உருவுனோம்.

எலன் முன்னால வந்தா. கையை நீட்டுனா. வெள்ளைச் சட்டையக் குடுத்தேன். அந்தக் கரட்டு மேல, அந்தக் காத்துல நின்னுட்டு, கைப்பையில இருந்து டேப்ப எடுத்து அளக்க ஆரம்பிச்சா. நீளம் பாத்தா, நெஞ்சு பாத்தா, சாயம் எறங்கியிருக்குதான்னு தேச்சுப் பாத்தா. கடைசியாக் கழுத்து. கழுத்து எங்க இருக்குது? ரெண்டு வயசுக் கொழந்தை சட்டைல எங்கூட்டுக் காளைக்கன்னு தலைய உட்டு எடுக்கலாம். அடுத்த ரெண்டும் அப்படியேதான். டேப்பச் சுருட்டி பைக்குள்ள போட்டுட்டு எலன் ஒரே ஒரு வார்த்தை சொன்னா.

"ரிஜெக்ட்."

அது மட்டும் எனக்கு ஆரும் தமிழ்ல சொல்ல வேண்டியிருக்கல.

கீழ எறங்கறப்ப குமரேசன் என்னையத் திட்டவே இல்லீங்க. அதுதான் தாங்க முடியலை. பக்கெட்ட என்ற கையில இருந்து வாங்கிக்கிட்டான். ஈரப் புல்லு, பாத்து வாம்மான்னு மட்டும் சொன்னான். மேரி ஊட்டு வாசல்ல குனியாமப் போயி நங்குன்னு இடிச்சுக்கிட்டான், வலிக்கவே இல்லாதவனாட்டப் போயி உக்காந்தான்.

மேரி எல்லாத்துக்கும் முட்டையும் ரொட்டியும் வெச்சா. அந்தப் பாட்டலையும் கொண்டாந்து நடுவுல வெச்சா, அவ காலைல உட்டு வெச்சது அடில கொஞ்சம் இருந்துச்சு. எலன் அதப் பாத்தா. ரொட்டியத் தொட்டுத் தின்னா. அவ கண்ணுல தண்ணி வந்துச்சு. சிரிக்கறாளா காரமான்னு தெரியல, மேசைய புடிச்சுட்டுக் குலுங்குனா. அப்பறம் கண்ணத் தொடச்சுட்டு குமரேசங்கிட்டப் பேசுனா. அவன் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: கொழந்தைக்கு அம்மாக்காரி தெனமும் இப்படித்தான் கழுத்த இழுத்து மாட்டுவா. ஒருக்கா இழுத்தா திரும்பி வராத கழுத்து எனக்கு வேண்டாம். அந்தக் கல்லுல மாட்டி எடுத்தாலும் பழையபடி சுருங்கற சட்டைய அனுப்பு, அப்பப் பாக்கலாம். இந்த சீசன் ஆர்டரு வேற ஆளுக்குத்தான்.

ஆர்டரு போச்சுங்க. அதுல மறைக்க ஒண்ணுமில்ல. அந்த வருசம் பூராம் மறுக்காவும் ஜாப் ஒர்க்குதான். கவிதாவுக்குப் புள்ள பொறந்துச்சு, பொண்ணு. ரெண்டு தாலாட்டும் ஒரே ஷெட்டுல ஓடுச்சு.

கெளம்பறன்னைக்கு மேரி என்ற கையில ஒரு சுருக்குப்பை குடுத்தா. உள்ள மரத்துல செஞ்ச துணி கிளிப்பு. ஒண்ண எடுத்து என்ற முந்தானையில மாட்டி, கரட்டப் பக்கம் கைய காட்டி, வேண்டாம்னு வெரல ஆட்டுனா. ரெண்டு பேரும் எங்க சிரிக்கோணுமோ அங்க சிரிச்சோம். அழுததும் அங்கயேதான்.

குமரேசன் ஊருக்கு வந்ததும் செஞ்ச மொதல் காரியம், நான் மாவாட்டற ஆட்டாங்கல்லுல இருந்து கொழவியத் தூக்கிட்டுப் போயி ஷெட்டுல வெச்சதுதான். அங்க பாத்த கல்லு தலையும் இந்தக் கொழவித் தலையும் ஒரே சைஸாமா. கழுத்துக்கு வைக்கற ரிப்புத் துணில, இழுத்தாத் திரும்பிச் சுருங்கற லைக்ரா நூலு போட்டு, தெச்சுத் தெச்சு அதும்மேல மாட்டுவான். காலைல கழட்டி அளப்பான். சுருங்கலைன்னா அவுத்துப் போட்டுட்டு மறுக்கா தெப்பான். ஒரு நா கழுத்து சொன்ன பேச்சக் கேட்டுச்சு. எலனுக்கு அனுப்புனான். அவ ஒரு சின்ன ஆர்டரு குடுத்தா, அடுத்த வருசம் இன்னொண்ணு. அப்படித்தான் ஷெட்டு கம்பெனியாச்சு. என்ற கொழவி மட்டும் திரும்பி வரவே இல்ல. அன்னையில இருந்து எனக்கு கிரைண்டருதான்.

மேரி கிறிஸ்துமஸ்ஸுக்குக் கார்டு போடுவா. ஒருக்கா உள்ள ஒரு போட்டோ வெச்சிருந்தா. கரட்டு வாசல்ல அந்தப் பலகை. புதுசா கீழ ஒரு படம் போட்டிருந்தாங்க, ஒரு சட்டை, அதும்மேல செகப்புல குறுக்குக் கோடு. இங்கிலாந்துக் கவருமெண்டு எனக்குன்னே வெச்ச பலகைன்னு எங்கூட்டுக்காரரு அத ஊரெல்லாம் காட்டிட்டு வந்தாரு. அப்பறம் ஒரு வருசம் கார்டு வரலை. குமரேசன் போன் பண்ணிக் கேட்டுட்டு வந்து, என்ற பக்கத்துல கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்தான். நான் அன்னைக்குத் துணி காயப்போடறப்ப மேரி குடுத்த கிளிப்புகள மட்டும் மாட்டுனேன்.

இன்னைக்கும் நான் எந்த ஊருக்குக் கெளம்புனாலும் பேத்தி வாசல் வரைக்கும் வந்து, "அப்பாயி, அங்க கல்லுக்கெல்லாம் குளுருதாம், சட்டை போட்டு உட்டுட்டு வா"ன்னு சொல்லாம உடமாட்டா. கம்பெனியில கழுத்து பெருசான பீஸு வந்தா செக்கிங் புள்ளைக கல்லு சைஸுன்னு சொல்லித்தான் தூக்கி எறியறாங்க.

போன மாசம் சாம்பிள் ரூம்புக்குப் போயிருந்தேன். கொழவி மூலையில புதுச்சட்டை போட்டுட்டு நிக்குது. பீகார்ல இருந்து புதுசா வந்த பையனுக ரெண்டு பேரு வேலைல சேந்திருக்காங்க. அவனுகளுக்கு ஆரும் விசயத்தச் சொல்லலை போல. கொழவிக்குக் குங்குமம் வெச்சு, முன்னால ரெண்டு செம்பருத்திப் பூவப் போட்டு, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் மிசினுல உக்கார்றானுக. குமரேசன் பாத்துட்டுச் சிரிச்சான், எடுக்கச் சொல்லலை. எங்கூட்டுக்காரரு, உன்ற பையன் உனக்குக் கோயிலே கட்டிட்டான் போ அப்படின்னாரு.

போறப்ப பாத்தா சட்டை ஒரு பக்கமாத் திரும்பி, ஆட்டுக்குட்டி செவுத்தப் பாத்துட்டு நின்னுச்சு. அத நேராத் திருப்பி, கழுத்தச் சரி பண்ணி உட்டுட்டுத்தான் வந்தேன். கை சும்மா இருக்கோணும்ங்களே.